பஸ்ஸில் மலையேறும் இணையம்

என் சித்தி மகள் சேர்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. வீடு சேலம் கோரிமேட்டில். காலையில் ஏற்காடு பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி ஏற வேண்டும். அவளுடைய சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டி சாவியோடு ஒரு பென்டிரைவும் தொங்கும். முதல் நாள் ராத்திரி, அடுப்படி வேலை முடிந்த பிறகு வீட்டு வைஃபையில் இறக்கிய பாட வீடியோக்கள் அதில் இருக்கும். "எங்க ஸ்கூலுக்கு இன்டர்நெட் பஸ்லதான் வருது அண்ணா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அவள் செய்கிற வேலைக்குக் கல்வித்துறையில் பெரிய பெயர் ஒன்று உண்டு: கலப்புக் கற்றல்.

இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு 2020இல் பார்த்த ஆன்லைன் கிளாஸ் நினைவுக்கு வருகிறது. இன்னும் சிலருக்கு வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டினாலே கலப்புதான். இரண்டும் சரியில்லை. ஆன்லைன் கிளாஸில் நேரடி வகுப்பே கிடையாது, அதனால் கலப்பதற்கும் எதுவும் இல்லை. ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் ஒரு படத்தை ஓட்ட, 40 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் அது பழைய வகுப்பேதான், சாக்பீஸ் தூசி மட்டும் இல்லை. கலப்பு என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாடத்தின் ஒரு பகுதியாவது மாணவரின் கையில் இருக்க வேண்டும். எப்போது பார்ப்பது, எங்கே நிறுத்துவது, எதைத் திருப்பிப் போட்டுக் கேட்பது என்பதில் பிள்ளைக்குக் கொஞ்சமாவது பிடி வேண்டும். மீதிப் பகுதி ஆசிரியரோடு முகம் பார்த்து நடக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். காலையில் கணினியில் பார்த்ததைப் பற்றி மதியம் ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அது இரண்டு தனித்தனிப் பாடம்.

இந்த முறையின் மிகப் பிரபலமான வடிவமும் ஒரு மலையூரில்தான் உருவானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் உட்லண்ட் பார்க் என்று ஒரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து 8,400 அடிக்கு மேல். நம் ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. அங்கே உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திய ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரு தலைவலி. விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகள் மலையிறங்கிப் போய்த் திரும்புவதற்குள் பாடம் ஓடிப்போயிருக்கும். ஒவ்வொருவருக்கும் திரும்ப நடத்தி மாளவில்லை. 2007இல் தங்கள் பாடங்களைக் கணினித் திரையோடு சேர்த்துக் குரலில் பதிவு செய்து போட ஆரம்பித்தார்கள். வராத பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் வகுப்புக்கு ஒழுங்காக வந்த பிள்ளைகளும் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லிக் கொடுப்பதை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும், கணக்குப் போடுவதையும் சோதனை செய்வதையும் வகுப்பில் வைத்துக்கொள்வோம். வீட்டுப்பாடம் பள்ளிக்கு வந்தது, பள்ளிப் பாடம் வீட்டுக்குப் போனது. இதைத் தலைகீழ் வகுப்பறை என்கிறோம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம் எனக்குப் பிடிக்கும். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நல்ல இணையம் இருக்கவில்லை. இணையம் இல்லாத பிள்ளைக்குப் பாடத்தை யூஎஸ்பி டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரே இல்லாத வீட்டுக்கு டிவிடியில் பதிந்து கொடுத்தார்கள். டிவி பெட்டியில் போட்டுப் பார்க்கலாமே! ஆக, என் தங்கையின் பென்டிரைவுக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது.

சரி, எதற்காக இவ்வளவு சுற்று? பள்ளியில் இருப்பதிலேயே விலை கூடிய பொருள் ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் நேரம். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவு, நோட்டு எடு, பேனா இல்லை, தண்ணி குடிக்கணும் மிஸ், எல்லாம் போக 30 நிமிடம் மிஞ்சும். அதில் 25 நிமிடம் ஆசிரியர் கரும்பலகையில் விளக்கினால், பிள்ளை தானாகக் கணக்கைப் போட்டுப் பார்க்க 5 நிமிடம்தான். பிள்ளை எங்கே இடறுகிறது என்பது அந்த 5 நிமிடத்தில்தான் தெரியும். விளக்கத்தைப் பதிவாக்கி வைத்தால் இந்தக் கணக்கு மாறும். பதிவு செய்த குரலுக்குக் களைப்பு இல்லை, பத்துத் தடவை கேட்டாலும் கோபிக்காது. ஆனால் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்து "இங்க ஏன்டா கழிச்சே?" என்று கேட்க அதற்குத் தெரியாது.

நம் ஊரில் இந்த யோசனை வந்து சேர்ந்த நேரம் மோசமான நேரம். 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த மாதங்களில் உண்மையாகவே கைகொடுத்தது. கேபிள் இருந்த வீட்டில் டேட்டா செலவு இல்லாமல் பாடம் வந்தது. ஆனால் டிவியை நிறுத்தி வைத்து "இன்னொரு தடவை" என்று கேட்க முடியாது.

செல்போன் பாடத்தின் கதை வேறு. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த தெருக்களில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருந்திருக்கும். அது அப்பாவின் சட்டைப் பையில் காலையிலேயே பட்டறைக்குப் போய்விடும். ஆர்டர் வருவதும் அதில்தான், டிசைன் படம் வருவதும் அதில்தான். பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பாடத்தை ராத்திரி எட்டரைக்குப் பிள்ளை பார்க்கும். அண்ணன் பார்த்து முடித்துத் தங்கை கைக்கு வரும்போது சார்ஜ் 9 சதவீதம். எங்கள் தெருவில் ஒரு பையன் தினமும் ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து "சார் வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன்" என்று குரல் செய்தி அனுப்புவான். நோட்டில் ஒன்றும் இருக்காது. சாருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இழப்பு எவ்வளவு? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.73 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு, மீதிப் புள்ளியியல் பேச்சை விட்டுவிடலாம். கல்வி ஆய்வுகளில் 0.2 வித்தியாசம் வந்தாலே கவனிக்கத் தக்கது என்பார்கள், அதை வைத்து 0.73ஐ அளந்துகொள்ளுங்கள். மொழியைவிடக் கணிதத்தில் அடி பலமாக விழுந்ததற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், நீள்வகுத்தல் யார் வீட்டிலும் பேச்சில் வராது.

அதே ஆய்வில் நல்ல செய்தியும் உண்டு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் என்ன தொழில்நுட்பம் இருந்தது? தெருவில் படித்த ஒரு அக்கா, ஒரு திண்ணை அல்லது மரத்தடி, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், சுற்றிப் பத்து இருபது பிள்ளைகள். அவ்வளவுதான். திரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் திண்ணையையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது எனக்கு வழக்கம்.

கலப்பு முறைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட திருத்தப்பட்ட தொகுப்பாய்வு அது, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது. தனி நேரடி வகுப்பைவிட ஆன்லைனும் நேரடியும் கலந்த வகுப்பில் மாணவர்கள் மேலாகச் செய்தார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் அதை எழுதியவர்களே இரண்டு எச்சரிக்கைகள் கொடுத்திருக்கிறார்கள். கலப்பு வகுப்புகளில் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் சேர்ந்தே இருந்தன, அதனால் பலன் இணையத்தால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது, ஒப்பிட்ட 50 முடிவுகளில் 43 கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி வளர்ந்தவர்களைப் பற்றியவை. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வெறும் 7. விளம்பரத் தாள்களில் முதல் வரி மட்டும் வரும், இந்த எச்சரிக்கைகள் வராது.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது டெல்லியில் நடந்த ஆய்வு. மேலே சொன்ன முரளிதரனும் அபிஜித் சிங்கும் அலெஹாந்த்ரோ கானிமியனும் சேர்ந்து 619 மாணவர்களை வைத்துச் செய்து 2019இல் வெளியிட்டது. பள்ளிக்கு வெளியே ஒரு மையம், வாரம் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம். பாதி நேரம் கணினியில், மீதிப் பாதி ஓர் உதவி ஆசிரியரோடு சிறு குழுவில். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் நாலரை மாதத்தில், கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23ம் முன்னே போனார்கள். கணினி செய்த முக்கியமான வேலை ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பு நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கேயிருந்து பாடத்தை ஆரம்பித்தது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தார்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எவ்வளவு அழகாகப் படம் பிடித்துக் காட்டினாலும் அவர்களுக்கு அது தலைக்கு மேலேதான் போகும்.

இப்போது மலைக்குத் திரும்புவோம். ஏற்காடு வட்டத்தில் 67 மலைக்கிராமங்கள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். காபித் தோட்டம், மிளகு, கூலி வேலை. செல்போன் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. நடுவில் ஒரு மலைமடிப்பு வந்தால் அந்தப் பக்கம் நிழல் விழுந்த மாதிரிதான். ஏற்காடு ஏரிக்கரையில் நாலு கோடு காட்டும் போன், இரண்டு மேடு தாண்டினால் ஒன்றுமில்லை. ஆள் குறைந்த இடத்தில் டவர் போட கம்பெனிகளுக்கு அவசரமும் இல்லை. சிக்னல் இருக்கிற ஊரிலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும்.

ஆக, தலைகீழ் வகுப்பறையின் பாதி, அதாவது "வீட்டில் பார்த்துவிட்டு வா" என்கிற பாதி, இங்கே நிற்காது. என் தங்கையும் முதலில் அதைத்தான் முயன்றாள். 16 பிள்ளைகளில் மூன்று பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த நாள் அந்த மூன்று பேருக்கும் பாடம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இருந்த இடைவெளியை அவளே கூட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. ஒரே வாரத்தில் விட்டுவிட்டாள். கலப்பதாக இருந்தால் பள்ளிச் சுவருக்கு உள்ளேயே கலக்க வேண்டும் என்பது அவள் வந்து சேர்ந்த இடம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, மலைக்கு மட்டுமில்லை, பட்டறைத் தெருவுக்கும்.

ஒருநாள் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். ஆறும் ஏழும் ஒரே அறையில். பாடம் பின்னம். மூன்று மூலை, ஒவ்வொரு மூலையிலும் நாலிலிருந்து ஆறு பேர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். முதல் மூலையில் பழைய லேப்டாப்பில் சமபின்னங்கள் பற்றிய ஆறு நிமிட வீடியோ. விசைப்பலகை ஒரு பெண்ணின் பொறுப்பு. யார் கையைத் தூக்கினாலும் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டுவாள். இரண்டாவது மூலையில் தோட்டத்திலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த கமலாப்பழங்கள். உரித்துச் சுளை எண்ணி, பாதி, கால் என்று பிரித்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு பழத்தில் 10 சுளை, ஐந்து ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். இன்னொன்றில் 11. ஒரு பையன் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "மிஸ், இதுல பாதி வரல. ஒண்ண நான் தின்னுட்டா வரும்" என்றான். மூன்றாவது மூலையில் அவள். அங்கே பின்னமே இல்லை, வகுத்தல். வகுத்தலில் தடுமாறும் நாலு பேரை மட்டும் சேர்த்து வைத்துப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். 11 சுளைக்காரனின் பிரச்சினை காதில் விழுந்ததும் எழுந்து போய், மிஞ்சிய ஒரு சுளையையும் பாதியாகக் கிள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். ஐந்தரை. வீடியோவில் அந்த எண் வரவே இல்லை.

இதற்கு வெளிநாட்டு நூல்களில் சுழற்சி முறை என்று பெயர். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதா என்றால், இல்லை. செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். ஆந்திராவின் ரிஷிவேலிப் பகுதியில், பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலையில் இருந்த கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை. எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது, 2007-08 முதல் மாநிலம் முழுவதும் பரவியது. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள், தரையில் வட்டமாக உட்காரும் குழுக்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுத் துணை, இன்னொன்றுக்குப் பாதித் துணை, இன்னொன்றுக்குச் சக மாணவர் துணை, இன்னொரு குழு தானாகவே. 2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துத்தான் நடத்துகிறார்கள். இந்தக் குழுக்களில் ஒன்றின் அட்டைக்குப் பதிலாக ஒரு திரையை வைத்தால் கலப்பு வகுப்பு தயார். பயிற்சி வகுப்புகளில் எதையோ புதிதாக இறக்குமதி செய்த மாதிரி ஏன் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. "ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று ஆரம்பித்தால் பாதி மிரட்சி குறையும்.

கருவிகளுக்குக் குறை இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பாடத்துக்கு உரிய வீடியோ வரும், சிக்னல் இருந்தால். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2023இல் வந்த மணற்கேணிச் செயலியில் பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோவாக வெட்டி வைத்திருக்கிறார்கள், தமிழிலேயே. தீக்‌ஷா செயலியில் ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு இணையம் இல்லாமலே பார்க்கலாம், இது பலருக்குத் தெரியாது. கொலிப்ரி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி வைத்து ஒரு சின்ன ரவுட்டரைப் பக்கத்தில் வைத்தால், அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற போன், டேப்லெட் எல்லாவற்றிலும் பார்க்கலாம். வெளி இணையமே வேண்டாம். மலைப்பள்ளிக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. பல தனியார் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணத்தோடு "செயலிக் கட்டணம்" என்று ஒரு வரி சேர்ந்துகொள்கிறது. என் அண்ணன் மகள் படிக்கிற பள்ளியிலும் கட்டினோம். அந்தச் செயலியில் அவள் என்ன பார்த்தாள், எங்கே தவறினாள் என்று வகுப்பு ஆசிரியைக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டதற்கு, "அது கம்பெனிக்காரங்க பாத்துக்குவாங்க சார்" என்றார்கள். கலக்கவே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும்.

மலைப்பள்ளிக்கு இந்தப் பதிவுகள் இன்னொரு வகையில் உதவுகின்றன, அது உட்லண்ட் பார்க்கில் தொடங்கிய அதே காரணம்தான். காபிப் பழம் பறிக்கும் பனிக்கால மாதங்களில் பிள்ளைகள் வருவது குறையும். அப்பா அம்மா விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டால் பெரிய பெண் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் கழித்து அவள் வகுப்புக்கு வரும்போது முன்பெல்லாம் பாடம் அவளுக்காகக் காத்திருக்காது. இப்போது அந்தப் பத்து நாள் பாடமும் பென்டிரைவில் இருக்கிறது, முதல் மூலையில் உட்கார்ந்து பார்க்கிறாள். வீடியோக்களில் பாதியைத் தங்கையே தன் போனில் பதிந்தவை. வெளியிலிருந்து எடுத்த பாடங்களில் பேச்சு வேகமும் எழுத்துத் தமிழும் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. "நம்ம மிஸ் குரல்" என்றால் வாய் மூடிக் கேட்கிறார்கள். நீர்ச் சுழற்சி பாடத்துக்கு மேகம் உருவாகும் படத்தை ஒருமுறை வெளியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக நிஜ மேகம் உள்ளே வந்து லேப்டாப் திரை ஈரமாகிவிட்டது. அன்றைக்கு வீடியோவை மூடிவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப் போனாளாம்.

நேரக் கணக்கையும் மறைக்கக் கூடாது. ஆறு நிமிடப் பதிவுக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலை அதோடு சேர்ந்து நிற்கிறது. மலையில் சிக்னல் இல்லாததால் அதுவும் கோரிமேட்டு ராத்திரியில்தான். கலப்பு முறை ஆசிரியரின் வேலையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை பகலிலிருந்து ராத்திரிக்கு நகர்கிறது. பதிவுகள் சேரச் சேர அடுத்த ஆண்டு கொஞ்சம் மூச்சு விடலாம். பாடநூல் மாறினால் அதுவும் போச்சு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அவள் மேலே போக முடியவில்லை. பென்டிரைவும் கோரிமேட்டிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பதிவுகளையும் இரண்டாவது பென்டிரைவில் போட்டு, உள்ளூரிலேயே இருக்கிற சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் மலையிறங்கும்போதும் பென்டிரைவ் வெறுமனே வருவதில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பத்தியை வாசித்து லேப்டாப்பில் பதிந்திருப்பார்கள், யார் எந்த இடத்தில் திக்கினார்கள் என்று ராத்திரி கேட்டுக் குறித்துக்கொள்வாள். போன மாதம் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். ஏழாம் வகுப்புப் பெண், வீட்டில் வாசிக்கச் சத்தமே எடுக்காத பெண்ணாம். முதல் இரண்டு வரி தெளிவாகக் கேட்டது. அப்புறம் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது, மீதி முழுக்க மழைச் சத்தம்தான். அதற்குள்ளே எங்கேயோ அந்தக் குரல் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. "திங்கக்கிழமை திருப்பி வாசிக்கச் சொல்லணும்" என்று நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு குடை வரைந்து வைத்தாள்.